62-இல் 1: ரிப்போர்ட்டில் வந்த எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 29. முதல் கர்ப்பம். 12-ஆவது வாரம், கருவின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் அளவைப் பார்க்கும் என்.டி. ஸ்கேன் எடுத்தபோதே, கருப்பை ரத்தக்குழாயில் ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளரும் பார்த்து, ரத்தமும் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘37 வாரத்துக்கு முன் ப்ரீஎக்ளாம்ப்சியா: 62-இல் 1, அதிக ஆபத்து’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது. ப்ரீஎக்ளாம்ப்சியா என்றால் கர்ப்பத்தில் பிபி ஏறும் நோய் என்றார்கள். குழந்தையின் வளர்ச்சி குறையவும் வாய்ப்பு உண்டு என்று கீழே ஒரு வரி. ரத்தச் சோதனையில் பி.எல்.ஜி.எஃப். என்ற அளவு 0.48 என்று போட்டிருக்கிறது. ஆனால் என் பிபி 116/74தான். சர்க்கரை இல்லை, வேறு நோயும் இல்லை. டாக்டர் ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். மருந்துத் துறையில் இருக்கும் என் அண்ணன், “அது இதய நோயாளிகள் போடும் மாத்திரை, ரத்தத்தை நீர்க்க வைக்கும், கர்ப்பத்தில் எதற்கு?” என்று கேட்டார். ஐந்து நாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். இப்போது 14-ஆவது வாரம். என் அக்காவுக்கு இதே சோதனையில் ‘குறைந்த ஆபத்து’ என்றுதான் வந்தது. அவளுக்கு 38-ஆவது வாரத்தில் பிபி ஏறி அவசரமாகப் பிரசவம் பார்க்க வேண்டியதாயிற்று. இந்தச் சோதனையை எப்படி நம்புவது? நான் ஏதாவது தவறு செய்ததால்தான் இப்படி வந்ததா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அவசரமான விஷயம். நாளை காலையே உங்கள் மகப்பேறு மருத்துவரைக் கூப்பிட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டதை ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து சொல்லாமல் விடுபவர்கள் நிறையப் பேர். ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றுப்புண், ரத்தக்கசிவு நோய், ஆஸ்பிரின் போட்டால் இழுப்பு வரும் வகை ஆஸ்துமா, இவற்றில் எதுவும் உங்களுக்கு இல்லையென்றால் அன்று இரவே மறுபடி தொடங்கச் சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். 14 வாரம் தாமதமில்லை. 16 வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் பொதுவான கணக்கு. அதனால் இன்னும் இரண்டு வாரம் யோசித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

சரி, இனி நிதானமாகப் பேசலாம்.

62-இல் 1 என்றால் உங்களைப் போன்ற வயது, எடை, பிபி, ரத்த அளவு, டாப்ளர் உள்ள 62 பெண்களை வரிசையில் நிற்க வைத்தால், அவர்களில் ஒருவருக்கு 37 வாரத்துக்கு முன் பிரசவம் பார்த்தே ஆக வேண்டிய அளவு ப்ரீஎக்ளாம்ப்சியா வரலாம். மற்ற 61 பேருக்கு அது வராது. சதவீதத்தில் சொன்னால் 1.6. பரீட்சையில் இந்த மதிப்பெண்ணை யாரும் ‘அதிகம்’ என்று சொல்ல மாட்டார்கள். அப்படியிருக்க ஏன் சிவப்பு எழுத்து? ஒப்பீட்டில்தான் அது அதிகம். எல்லாக் கர்ப்பிணிகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வகை வருவது 100-இல் ஒருவருக்கும் குறைவு. பல இடங்களில் 100-இல் 1 என்பதையே கோடாக வைத்திருக்கிறார்கள். உங்கள் எண் அந்தக் கோட்டுக்கு மேலே வந்ததால் கணினி சிவப்பில் அச்சடித்துவிட்டது. அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் கர்ப்பிணி யாரையும் நேரில் பார்த்துப் பேசியிருக்க மாட்டார் என்பது என் வெகுநாள் சந்தேகம்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இந்தச் சோதனையை 1000 பெண்களுக்குச் செய்வதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் சுமார் 8 பேருக்கு 37 வாரத்துக்கு முன்பே ப்ரீஎக்ளாம்ப்சியா வரப்போகிறது. சோதனை 100 பேரை ‘அதிக ஆபத்து’ என்று பிரித்து எடுக்கும். வரப்போகிற 8 பேரில் சுமார் 6 பேர் அந்த நூறுக்குள் இருப்பார்கள். அதாவது வலையில் விழுந்த 100 பேரில் 94 பேருக்கு, எதுவும் செய்யாவிட்டாலும்கூட, அது வரப்போவதில்லை. வலைக்கு வெளியே இருக்கும் 900 பேரில் 2 பேருக்கு வரும். 94 பேரை வீணாகக் கவலைப்பட வைக்கிற சோதனை எதற்கு என்று கேட்பீர்கள். அந்த 100 பேருக்கும் நாங்கள் கொடுப்பது விலை குறைந்த, பெரும்பாலும் தொல்லை தராத ஒரு மாத்திரை. அதனால்தான் இந்தக் கணக்கு கட்டுப்படியாகிறது. இதே சோதனையை நம்பி ஒரு அறுவை சிகிச்சையோ கடுமையான மருந்தோ கொடுப்பதாக இருந்தால் நான் எதிர்த்திருப்பேன்.

அடுத்தது உங்கள் முக்கியமான குழப்பம்: பிபி 116/74 இருக்கும்போது பிபி நோய் எப்படி வரும்?

ப்ரீஎக்ளாம்ப்சியா என்பதை 20 வாரத்துக்குப் பிறகு பிபி 140/90-ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதம் போவது, அல்லது கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் போன்றவற்றில் பாதிப்பு தெரிவது என்று வரையறுக்கிறோம். ஆனால் பிபி ஏறுவது கதையின் கடைசி அத்தியாயம். எக்ளாம்ப்சியா என்ற சொல்லே கிரேக்க மொழியில் மின்னல்போல் சட்டென்று பளிச்சிடுவதைக் குறிப்பதிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் ஒரு நாள் திடீரென்று வலிப்பு வருவதைத்தான் பார்த்தார்கள், அதனால் அப்படிப் பெயர் வைத்தார்கள். உண்மையில் அது திடீரென்று வருவதே இல்லை. கருப்பையில் குழந்தைக்குச் சத்து ஊட்டும் நஞ்சுக்கொடி (சுருக்கமாக ‘நஞ்சு’ என்போம், விஷம் அல்ல) உருவாகும் முதல் சில மாதங்களிலேயே அதற்கான விதை விழுந்துவிடுகிறது.

கருப்பையின் சுவரில் சுருள் சுருளாகச் சிறு ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. கர்ப்பம் இல்லாத நாட்களில் அவை ஒல்லியானவை, சுற்றிலும் தசை உள்ளவை, நினைத்தால் சுருங்கிக்கொள்ளக் கூடியவை. கரு பதிந்ததும் நஞ்சின் செல்கள் இந்தக் குழாய்களுக்குள் புகுந்து, அந்தத் தசைச் சுவரைக் கரைத்து, அவற்றை அகலமாக்கி விடுகின்றன. மதகைப் பெயர்த்து எடுத்த வாய்க்கால் போல, இனி யாரும் அடைக்க முடியாதபடி தாயின் ரத்தம் அமைதியாகவும் தாராளமாகவும் உள்ளே வரும். இந்த வேலை கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும்.

சிலருக்கு இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. ஏன் என்பதற்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. குழாய்கள் ஒல்லியாகவே இருப்பதால் ரத்தம் குறைவாகவும் பீய்ச்சி அடித்தும் வருகிறது. நஞ்சு திணறுகிறது. அந்தத் திணறலில் அது தாயின் ரத்தத்துக்குள் சில புரதங்களை அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. 2003-இல் ஆனந்த் கருமாஞ்சியும் அவருடைய குழுவினரும் அவற்றில் முக்கியமான ஒன்றை அடையாளம் காட்டினார்கள். எஸ்.எஃப்.எல்.டி-1 என்பது அதன் பெயர். ரத்தக்குழாய்களின் உள்பூச்சை ஆரோக்கியமாக வைத்திருக்கும் பி.எல்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியை அது பிடித்து முடக்கிவிடுகிறது. உள்பூச்சு கெட்டால் உடம்பில் ரத்தக்குழாய் உள்ள எந்த இடமும் தப்பாது: சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும், கல்லீரல் வீங்கும், மூளைக்குப் போகும் குழாய்கள் துடிக்கும், பிபி ஏறும். அதே நேரம் குழந்தைக்குப் போகவேண்டிய ஆக்சிஜனும் சத்தும் குறைவதால் அதன் எடை பின்தங்குகிறது.

உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு எச்சரிக்கைகளும் அடுத்தடுத்து இருப்பதற்கு இதுதான் காரணம். தாயின் பிபியும் குழந்தையின் எடையும் இரண்டு தனி நோய்கள்போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். சிலருக்கு ஒரு கிளை மட்டும் முளைக்கும், சிலருக்கு இரண்டும். 12-ஆவது வாரத்தில் நாங்கள் பார்ப்பது அந்த வேரை. அதனால் அப்போது பிபி நன்றாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

அப்படியானால் பிபியை ஏன் கணக்கில் சேர்க்கிறார்கள் என்று தோன்றலாம். நாங்கள் பார்ப்பது நோய் அளவு பிபியை அல்ல, சராசரி அழுத்தத்தை. கீழ் எண்ணோடு, மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். உங்களுக்கு 74, அதோடு 42-இன் மூன்றில் ஒன்றான 14, மொத்தம் 88. உங்கள் எடைக்கும் வாரத்துக்கும் எதிர்பார்க்கும் நடு அளவைவிட இது எவ்வளவு கூடக் குறைய என்பதுதான் கேள்வி. 140-க்கு எவ்வளவோ கீழே இருந்துகொண்டே ஒருவரின் அழுத்தம் அவரைப் போன்றவர்களின் நடு அளவைவிட அதிகமாக இருக்கலாம். இதற்காகத்தான் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, இரண்டு கைகளிலும், இரண்டிரண்டு முறை, கைக்குப் பொருத்தமான பட்டையைக் கட்டி அளக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். படியேறி மூச்சிரைக்க வந்தவரை நிற்க வைத்து ஒரே முறை அளந்து கணினியில் ஏற்றினால் வருகிற எண்ணுக்கு மதிப்பில்லை. உங்களுக்கு எப்படி அளந்தார்கள் என்று நினைவிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மற்ற மூன்றும் சுருக்கமாக. உங்கள் சொந்த விவரங்கள் ஒன்று: வயது, எடை, முதல் கர்ப்பமா, குடும்பத்தில் யாருக்காவது வந்திருக்கிறதா, சர்க்கரை, சிறுநீரக நோய், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய்கள், செயற்கைக் கருத்தரிப்பா என்பன. டாப்ளர் இன்னொன்று: கருப்பைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் ஓட்டத்துக்கு எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்று பார்ப்பது. மூன்றாவது, நஞ்சு சுரக்கும் பி.எல்.ஜி.எஃப். உங்களுக்கு வந்த 0.48 என்பது, உங்கள் வாரத்தில் இருக்கும் பெண்களின் நடு அளவை 1 என்று வைத்தால், அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு என்று பொருள். உங்கள் எண்ணை மேலே தூக்கியது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இந்த நான்கையும் ஒன்றாகக் கூட்டிக் கணக்கிடும் முறையை லண்டனில் கைப்ரோஸ் நிக்கோலைடிஸ் தலைமையிலான குழு வளர்த்தெடுத்தது. மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2019-இல் இதை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிந்துரைத்தது.

ஒரு சின்ன வேலை உங்களுக்கு. ரிப்போர்ட்டின் மேல் பகுதியில் உங்கள் எடை, கருவின் வாரம், முந்தைய பிரசவ விவரம், இரட்டைக் கருவா என்பதெல்லாம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். 58 கிலோவை 85 என்று அடித்துவிட்டால் கடைசி எண்ணே மாறிவிடும். இது கதைக்குச் சொல்லவில்லை, நடக்கிற தவறு.

இனி உங்கள் அண்ணனுக்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி சரி. கர்ப்பத்தில் வலி மாத்திரை அளவுக்கு, அதாவது 300, 600 மில்லிகிராம் என்று ஆஸ்பிரின் போடக் கூடாது. ஆனால் 75 முதல் 150 மில்லிகிராம் வரையிலான சிறிய அளவு வேறு வேலை செய்கிறது. ரத்தத் தட்டணுக்கள் தயாரிக்கும், குழாய்களைச் சுருக்கும் ஒரு பொருளை அது குறைக்கிறது. குழாய்களை விரிக்கும் பொருளை அவ்வளவாகத் தொடுவதில்லை. தராசு விரிவின் பக்கம் சாய்கிறது. ‘ரத்தத்தை நீர்க்க வைப்பது’ என்ற பேச்சுவழக்கு இங்கே குழப்பத்தைத்தான் உண்டாக்குகிறது. ரத்தம் நீர்ப்பதில்லை, தட்டணுக்கள் கொஞ்சம் சாதுவாகின்றன, அவ்வளவுதான்.

இந்த மாத்திரையின் கதை நேர்கோட்டில் போகவில்லை என்பதால் உங்கள் அண்ணனின் சந்தேகத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். கர்ப்பத்தில் ஆஸ்பிரின் போட்ட பெண்களுக்கு இந்த நோய் குறைவாக வந்ததாக 1979-இலேயே ஒரு மருத்துவ இதழில் குறிப்பு வந்தது. 1985-இல் பிரான்சில் சிறிய ஆய்வு ஒன்று நம்பிக்கை தந்தது. பிறகு 9,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து நடந்த கிளாஸ்ப் என்ற பெரிய ஆய்வின் முடிவு 1994-இல் வந்தபோது பலன் மிகச் சிறியதாகத் தெரிந்தது. அதில் 60 மில்லிகிராம்தான் கொடுத்தார்கள், 32-ஆவது வாரம் வரைகூடத் தொடங்கினார்கள். வாய்க்கால் வெட்டி முடித்த பிறகு மண்வெட்டியைக் கொடுத்தது போல. நான் மாணவியாக இருந்த காலத்தில், ‘ஆஸ்பிரின் ஒரு காலத்து மோகம்’ என்றே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

2017-இல் ஆஸ்ப்ரீ என்ற ஆய்வு வந்த பிறகுதான் காற்று திரும்பியது. 26,000-க்கும் மேற்பட்ட பெண்களை உங்களுக்குச் செய்த மாதிரியான சோதனையால் சலித்து, அதிக ஆபத்து என்று வந்தவர்களில் 1,776 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேருக்கு 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி, 36 வாரம் வரை, இரவில். கடைசி வரை இருந்தவர்களில், வெறும் மாத்திரை போட்ட 822 பேரில் 35 பேருக்கு 37 வாரத்துக்கு முன் நோய் வந்தது. ஆஸ்பிரின் போட்ட 798 பேரில் 13 பேருக்குத்தான் வந்தது. வாய்ப்பு 62 சதவீதம் குறைந்தது. உங்கள் எண்ணும் 62, இந்தச் சதவீதமும் 62 என்பது வெறும் தற்செயல், அதில் எதையும் தேடாதீர்கள். உங்கள் 62-இல் 1 அதே விகிதத்தில் குறைந்தால் ஏறக்குறைய 160-இல் 1 ஆகும். கோட்டுக்கு நன்றாகவே கீழே.

அந்த ஆய்விலேயே இன்னொன்றும் தெரிந்தது. தர வேண்டிய மாத்திரைகளில் 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களுக்குப் பலன் கூடுதல், விட்டுவிட்டுப் போட்டவர்களுக்குக் கணிசமாகக் குறைவு. மாதத்தில் மூன்று நாள் மறந்தால் பரவாயில்லை, பத்து நாள் மறந்தால் நீங்கள் மாத்திரை போடுவதாகச் சொல்ல முடியாது. பல் துலக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். 75 மில்லிகிராம் மாத்திரைதான் கிடைக்கிறதென்றால் இரண்டாகப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல், தலைவலி என்றால் பாராசிட்டமால். இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

தீங்கே இல்லையா? சிலருக்கு நெஞ்செரிச்சல் வரும். மூக்கில் லேசாக ரத்தம் கசியலாம். பிரசவ நேரத்தில் ரத்தப்போக்கு சற்று அதிகமாவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. 36-ஆவது வாரத்தில் நிறுத்தச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தச் சிறிய அளவு குழந்தைக்கு அங்கக் குறைபாட்டை உண்டாக்குவதாக ஆதாரம் இல்லை. யோனியில் ரத்தக்கசிவு ஏற்பட்டால் மட்டும் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

உங்கள் அக்காவின் விஷயம். சோதனை பொய் சொல்லிவிட்டது என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் சோதனையிடம் கேட்ட கேள்வி வேறு, அவருக்கு நடந்தது வேறு. 12 வாரச் சோதனை 37 வாரத்துக்கு முன் வருவதைத்தான் முதன்மையாகத் தேடுகிறது. அப்படி வருவதில் நான்கில் மூன்று பங்கைப் பிடிக்கும். 32 வாரத்துக்கு முன்பே தாக்கும் மோசமான வகை என்றால் சுமார் 90 சதவீதம். பிரசவ நாளை நெருங்கி வருவதில் பாதியைக்கூடப் பிடிக்காது. உங்கள் அக்காவுக்கு வந்தது அந்தக் கடைசி வகை. மொத்தத்தில் அதுதான் அதிகம் பேருக்கு வருகிறது. அதை ஆஸ்பிரின் தடுப்பதாகவும் ஆஸ்ப்ரீ ஆய்வில் தெரியவில்லை. அதன் பாதையே கொஞ்சம் வேறு. நஞ்சு ஆரம்பத்தில் நன்றாகவே அமைந்து, கடைசி வாரங்களில் அதன் தேவையும் தாயின் உடல் தாங்கும் சக்தியும் ஒத்துப்போகாமல் வருவது என்று பலர் விளக்குகிறார்கள்.

‘குறைந்த ஆபத்து’ என்ற சொல் சிலரைத் தூங்க வைத்துவிடுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம். சில ஆண்டுகளுக்கு முன் 37-ஆவது வாரத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தார். வலப்பக்க விலாவுக்குக் கீழே இரண்டு நாளாக வலி, வாந்தி. வாயு என்று நினைத்து ஏதோ மருந்து குடித்திருக்கிறார். “எனக்குத்தான் அந்த டெஸ்ட்டில் ரிஸ்க் இல்லை என்று வந்ததே, அதனால் பிபி பார்க்கவில்லை” என்றார். பார்த்தபோது 168/112. கல்லீரல் அளவுகள் ஏறி, தட்டணுக்கள் இறங்கியிருந்தன. அன்றே பிரசவம் பார்த்தோம். இருவரும் நலம். ஆனால் அந்த இரண்டு நாளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும்.

எனவே எந்த எண் வந்திருந்தாலும் இவற்றில் ஒன்று வந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்: விடாத தலைவலி, கண் முன் பொறி பறப்பது அல்லது பார்வை மங்குவது, மேல் வயிற்றிலோ வலப்பக்க விலாவுக்குக் கீழோ வலி, முகமும் கைகளும் திடீரென்று ஊதுவது, மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைவது. கால் வீக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் சாதாரணம்தான். வீட்டில் பிபி கருவி வாங்கி வாரம் இரண்டு முறை பார்த்துக் குறித்து வைப்பது உங்களுக்கு நல்லது. 140/90 வந்தால் சற்று ஓய்வெடுத்து மறுபடி பாருங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். 160/110 என்றால் பேச வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். நாளுக்குப் பத்து முறை மட்டும் பார்க்காதீர்கள், கவலையே பிபியை ஏற்றிவிடும்.

குழந்தையின் வளர்ச்சியைப் பற்றி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். இங்கே சோதனையின் கை இன்னும் கொஞ்சம் பலவீனமானது. ஒரே வயதுள்ள 100 கருக்களை எடைப்படி வரிசைப்படுத்தினால் கடைசி பத்துக்குள் வருவதைச் ‘சிறியது’ என்கிறோம். அந்தப் பத்தில் பல குழந்தைகள் குள்ளமான அம்மா அப்பாவுக்குப் பிறக்கும் ஆரோக்கியமான சிறிய குழந்தைகள். மீதிதான் நஞ்சு ஊட்ட முடியாமல் உண்மையாகப் பின்தங்குபவை. இரண்டையும் 12-ஆவது வாரத்தில் பிரிக்க முடியாது. ப்ரீஎக்ளாம்ப்சியாவோடு சேர்ந்து, சீக்கிரமே வரும் வளர்ச்சிக் குறைவை இந்தச் சோதனை ஓரளவு நன்றாகவே சுட்டிக்காட்டும். பிபி இல்லாமல் தனியாக, கடைசி மாதங்களில் வருவதைப் பெரும்பாலும் தவறவிடும். ஆகவே அந்த வரியை ‘என் குழந்தை சிறியதாகப் பிறக்கும்’ என்று வாசிக்காதீர்கள், ‘என் குழந்தையைக் கூடுதலாக அளந்து பார்ப்பார்கள்’ என்று வாசியுங்கள்.

அந்தக் கூடுதல் அளவைதான் இங்கே உண்மையான பாதுகாப்பு. 20-ஆவது வார ஸ்கேனில் கருப்பை டாப்ளரை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். 12-இல் சுமாராக இருந்தது அதற்குள் சரியாகிவிடுவது உண்டு. பிறகு 28-ஆவது வாரம் வாக்கில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குழந்தையின் எடை, தொப்புள்கொடி டாப்ளர், பனிக்குட நீர். ஒரே ஒரு ஸ்கேனில் எடை அந்த 100 கருக்களின் வரிசையில் அடியிலிருந்து 10-க்குக் கீழே வந்தது என்பதைவிட, 40-இல் இருந்த குழந்தை 12-க்குச் சரிந்தது என்பது எனக்கு அதிகக் கவலை தரும். அதனால் எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள்.

இடையில் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். படுத்த படுக்கையாக இருந்தால் வராது என்பார்கள். அதற்கு ஆதாரம் இல்லை, படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். உப்பை அடியோடு நிறுத்துவதும் இதைத் தடுப்பதில்லை. வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைப் பெரிய ஆய்வுகளில் சோதித்துப் பார்த்துப் பயனில்லை என்று விட்டுவிட்டார்கள். கால்சியம் வேறு கதை. உணவில் கால்சியம் குறைவாக உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கிறது, உங்களுக்குத் தேவையா என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். ‘குழந்தை எடை கூட’ என்று யாராவது மருந்து சொன்னால் ஜாக்கிரதை. நஞ்சுக்கு ரத்த ஓட்டம் கூடட்டும் என்று சில்டெனாஃபில் மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வை, பிறந்த குழந்தைகளுக்கு நுரையீரல் பாதிப்பும் மரணமும் ஏற்பட்டதால் 2018-இல் நெதர்லாந்தில் பாதியிலேயே நிறுத்தினார்கள். நல்லெண்ணம் மட்டும் மருந்தாகிவிடாது. நடையும் லேசான உடற்பயிற்சியும் செய்யலாம், அதற்குத் தடை இல்லை.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதால், உங்களுக்குத் தெரிந்த வேறு கர்ப்பிணிகளுக்காக ஒன்று. போன கர்ப்பத்தில் பிபி, நாள்பட்ட பிபி, சர்க்கரை நோய், சிறுநீரக நோய், லூபஸ் இவற்றில் ஒன்று இருந்தாலே சோதனைக்குக் காத்திராமல் ஆஸ்பிரின் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். முதல் கர்ப்பம், 40-ஐத் தாண்டிய வயது, அதிக உடல் எடை, இரட்டைக் கரு, பத்து ஆண்டுக்கு மேல் இடைவெளி, குடும்பத்தில் யாருக்காவது வந்திருப்பது, இவற்றில் இரண்டு சேர்ந்தாலும் அப்படியே. இந்தக் கணக்குப்படி பார்த்தாலும், முதல் கர்ப்பமும் அக்காவின் கதையும் சேர்ந்து நீங்கள் பட்டியலுக்குள் வந்துவிடுகிறீர்கள். அக்காவுக்கு நடந்ததை ரத்தம் எடுத்த அன்று சொன்னீர்களா?

கடைசியாக, நான் ஏதாவது தவறு செய்தேனா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. நஞ்சின் செல்கள் ரத்தக்குழாய்க்குள் இறங்கத் தொடங்கியபோது நீங்கள் கர்ப்பமா என்றுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது. வேலைக்குப் போனதாலோ, படியேறியதாலோ, கவலைப்பட்டதாலோ அது அரைகுறையாக நிற்பதில்லை.

பிரசவம் முடிந்ததும் இந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிபி பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாக ஏறுவதும் உண்டு, ஆறு வாரம் வரை கருவியைக் கையோடு வைத்திருங்கள். ஒருவேளை நோய் வந்திருந்தால், பிற்காலத்தில் பிபியும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இதை உங்கள் அக்காவிடமும் சொல்லுங்கள். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.